தில்லியில் பட்டப் படிப்போடு இசை: கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று தில்லியில் தமிழர்கள் இருக்கும் பகுதிகளில், ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளை பாடவும் செய்தால் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நிச்சயம். பாட்டு மாமியிடம் பத்து வருஷம் கற்றதை விடவும் மனசில்லை, அதை மட்டும் நம்பிப் பட்டம் வாங்கவும் தைரியமில்லை. வரலாறும் இசையும் சேர்த்துப் படித்தவன் என்பதால், இசையையும் பட்டத்தையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். ஒவ்வொரு தடவையும் வாய்வழியாகச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குரல் தேறும் என்று எதிர்பார்த்துக் கல்லூரியில் சேராதீர்கள். அது குருவிடமும் வீட்டிலும் நடக்க வேண்டிய வேலை. பாடுகிற விஷயத்தைப் பற்றிக் கேள்வி கேட்க, எழுத, இன்னொரு சங்கீத முறையை உட்கார்ந்து கேட்கத்தான் கல்லூரி பழக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் இரண்டாம் வருஷத்தில் 'இங்கே ஒன்றுமே சொல்லித் தருவதில்லை' என்று புலம்புகிறார்கள்.

படி 1: எந்தப் பாதை என்று முடிவு செய்யுங்கள்

தில்லிப் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்தே பேசுகிறேன், பெரும்பாலானவர்கள் அங்கேதான் போகிறார்கள். அங்கே இசை, நுண்கலைப் புலம் 1960-ல் தொடங்கியது. இந்துஸ்தானியோடு கர்நாடக இசையும் அங்கே பாடமாக இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

முதல் பாதை இசையிலேயே பி.ஏ. ஆனர்ஸ். எம்.ஏ., ஆராய்ச்சி, இசை ஆசிரியர் வேலை என்று தெளிவாக இருப்பவர்களுக்கு இது. இரண்டாவது பி.ஏ. புரோகிராம். இதில் இரண்டு துறைகளைச் சேர்த்து எடுத்துப் படிக்கலாம். கல்லூரி அந்தக் கூட்டணியை வைத்திருந்தால் இசையோடு வரலாறோ, அரசியலோ, சமஸ்கிருதமோ வரும். மூன்றாவது, வேறு துறையில் ஆனர்ஸ் சேர்ந்து, ஜெனரிக் எலெக்டிவ், அதாவது வேறு துறையிலிருந்து தேர்ந்தெடுக்கும் தாள்களாக இசையை எடுப்பது. 2022-ல் வந்த புதிய பாடத்திட்டப்படி, ஒரே துறையில் ஏழு எலெக்டிவ் தாள்கள், அதாவது 28 கிரெடிட், சேர்த்து நான்கு வருஷமும் முடித்தால் அந்தத் துறை மைனர் (துணைப் பாடம்) என்று பட்டத்தில் வரும். பொருளாதாரம் ஆனர்ஸ், இசை மைனர் என்பது காகிதத்தில் முழுக்கச் சாத்தியம். நடைமுறையில் உங்கள் கல்லூரியில் இசைத் துறை இருக்கிறதா, ஒவ்வொரு செமஸ்டரிலும் வேறு துறை மாணவர்களுக்குத் தாள் திறக்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

நான்காவது, ஈசிஏ, அதாவது படிப்புக்கு வெளியே உள்ள திறமைகளுக்கான ஒதுக்கீடு. இதில் இசைத் திறமையைக் காட்டி எந்தத் துறையிலும் இடம் வாங்கலாம். ஆனால் படிப்பது இசை அல்ல, கல்லூரிக் குழுவில் பாட வேண்டியிருக்கும். பலர் இதையும் இசைப் படிப்பையும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பத்தில் குளறுபடி செய்கிறார்கள்.

சோனிபட்டில் இருக்கிற அசோகா மாதிரியான தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்கள் இன்னொரு வழி. நிகழ்த்து கலையை அங்கே மைனராக எடுக்கலாம், பாடங்களை விருப்பம்போலக் கலந்துகொள்ளும் சுதந்திரம் அதிகம். கட்டணத்தைப் பார்த்துவிட்டு, உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு, பிறகு கனவு காணுங்கள்.

என்னைக் கேட்டால், முடிவுக்கு வராமல் தடுமாறுகிற பிள்ளைக்குப் புரோகிராம்தான் சரி. இரண்டு துறைகளும் கூடவே வரும், எந்தப் பக்கம் போனாலும் கை காலியாக இருக்காது. பையன்களுக்கு ஒரு எச்சரிக்கை: இசைத் துறை உள்ள கல்லூரிகளில் மிராண்டா ஹவுஸ், இந்திரப்பிரஸ்தா, தௌலத் ராம் எல்லாமே பெண்கள் கல்லூரிகள். உங்களுக்குப் பட்டியல் சுருங்கும், முன்கூட்டியே தேடுங்கள்.

படி 2: பதினொன்றாம் வகுப்பிலேயே செய்ய வேண்டியவை

சிபிஎஸ்இ-யில் கர்நாடக இசை வாய்ப்பாட்டுக்கு 031, மெல்லிசைக் கருவிகளுக்கு 032, தாளக் கருவிகளுக்கு 033 என்று தனிப் பாட எண்கள் உண்டு. இந்துஸ்தானிக்கு 034 முதல் 036 வரை. பள்ளியில் இருந்தால் எடுங்கள். செய்முறைக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்பதால், ஏற்கெனவே கற்ற பிள்ளைக்கு இது சுமையே இல்லை. ராகத்தின் லட்சணத்தை (இலக்கணத்தை) எழுதும் பழக்கமும் அங்கேயே வந்துவிடும்.

2022 முதல் இளநிலைச் சேர்க்கை க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான். அதில் நிகழ்த்து கலை என்றே ஒரு பாடம் இருக்கிறது. அதை எழுத வேண்டுமா, மொழித் தாளோடு வேறெந்தப் பாடங்களைச் சேர்ப்பது என்பதை அந்த வருஷத்துத் தகவல் ஏட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அக்கா சேர்ந்தபோது இருந்த விதியைத் தம்பிக்கு நம்ப வேண்டாம். பாடத் தேர்வைத் தப்பாகக் குறித்துவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கதவு திறக்காது. ஆனர்ஸ் இசைக்கு க்யூட் மதிப்பெண்ணோடு செய்முறைத் தேர்வும் உண்டு.

படி 3: செய்முறைத் தேர்வு

சபாவில் பாடுகிற மனநிலையோடு போகாதீர்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ராக ஆலாபனையை அரை மணி நேரத்துக்குக் கட்டிப் பழகிய பிள்ளைகள் இங்கே திணறுவார்கள், ராகத்தின் முகம் தெரிவதற்குள் மணி அடித்துவிடும். மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தைக் காட்டப் பழகுங்கள். மோகனமோ கல்யாணியோ போதும், அபூர்வ ராகத்தைக் காட்டி யாரையும் அசத்த வேண்டாம்.

தயாரிப்பில் நான் வைக்கச் சொல்வது: இரண்டு காலத்தில் ஒரு வர்ணம், வெவ்வேறு தாளத்தில் இரண்டு கீர்த்தனை, ஒன்றுக்காவது நிரவலும் (ஒரு வரியை விரித்துப் பாடுவது) கல்பனாஸ்வரமும் (ஸ்வரங்களை அந்தக் கணமே கோர்த்துப் பாடுவது). பாடும்போது கையில் தாளம் தெளிவாக விழ வேண்டும். ஆதி தாளத்தில் அரை இடம் எடுப்புள்ள, அதாவது தாளம் தொடங்கிச் சற்றுத் தள்ளி ஆரம்பிக்கும் பாட்டைப் பாடிக்கொண்டே நிறுத்தி, 'இப்போது எந்த அட்சரத்தில் இருக்கிறாய்?' என்று மாமியைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தப் பயிற்சி ஒன்றே பாதி பயத்தைப் போக்கும். அப்புறம், யாராவது நான்கைந்து ஸ்வரம் பாட, அதைத் திருப்பிப் பாடி என்ன ஸ்வரம் என்று சொல்லும் பழக்கமும் வேண்டும்.

சுருதி விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. தேர்வறையில் ஹார்மோனியக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தால் 'ஐந்தரைக் கட்டை' என்று நம் சுருதிக் கணக்கில் சொல்லிப் பயனில்லை. வடக்கே கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை என்று தனித்தனியாக எண்ணுவார்கள். நம் ஐந்தரை அவர்களுக்கு 'காலீ சார்', அதாவது நான்காவது கறுப்புக் கட்டை. ஒன்றரைக் கட்டையில் பாடும் பையன் 'காலீ ஏக்' என்று சொல்ல வேண்டும். உங்களுடையது எது என்று ஆர்மோனியத்தில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 4: முதல் செமஸ்டர் கணக்கு

ஆனர்ஸ் மாணவருக்கு முதல் செமஸ்டரில் 22 கிரெடிட். மூன்று முக்கியத் தாளுக்கு 12, ஒரு ஜெனரிக் எலெக்டிவுக்கு 4, மொழி, திறன், மதிப்புக் கல்வி என்று மூன்று சின்னத் தாளுக்குத் தலா 2. இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று உண்டு. விரிவுரையில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேரம், செய்முறையில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் இரண்டு மணி நேரம். கிரெடிட் எண்ணை மட்டும் பார்த்து 'லேசான தாள்' என்று இசையை எடுத்தவர்கள் கால அட்டவணை வந்ததும் விழிப்பது இதனால்தான்.

வருகைப்பதிவில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். டிசம்பரில் மார்கழிக் கச்சேரி கேட்கச் சென்னைக்கு ஓடுகிற வழக்கம் இருந்தால், செமஸ்டர் தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சரி, தினசரிப் பயணம். வடக்கு வளாகத்துக்கு மஞ்சள் தடத்தில் விஸ்வவித்யாலயா நிலையம். மயூர் விஹாரிலிருந்தோ கரோல் பாகிலிருந்தோ வந்தால் ராஜீவ் சௌக்கிலும், ஆர்.கே.புரத்திலிருந்து வந்தால் ஹவுஸ் காஸிலும் மாற வேண்டும். காலை நெரிசலில் வீணையைத் தூக்கிக்கொண்டு ராஜீவ் சௌக்கில் மாறுவது நடக்கிற காரியமில்லை. வாத்தியக்காரர்கள் கல்லூரியிலேயே ஒரு கருவி கிடைக்குமா, பூட்டி வைக்க இடம் உண்டா என்று சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: இந்துஸ்தானிப் பக்கம் காலை வைப்பது

பெரும்பாலான கல்லூரிகளில் இசை என்றால் இந்துஸ்தானிதான். புரோகிராமோ எலெக்டிவோ எடுக்கிற தமிழ்ப் பிள்ளை இதிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது என்பேன். இந்தப் படிப்பின் பெரிய லாபமே இதுதான்.

முதல் இடறல் ஸ்வரப் பெயரில். நாம் சுத்த ரிஷபம் என்பதை அவர்கள் கோமள ரிஷபம் என்பார்கள். அவர்களுடைய சுத்த ரிஷபம் நமக்குச் சதுஸ்ருதி ரிஷபம். வைவாவில் பதற்றத்தில் 'சுத்த' என்று வாய் தவறினால் பதில் முழுக்கத் தப்பாகிவிடும். ராகப் பெயர்களும் இதேபோல். நம் தோடியின் ஸ்வரங்கள் அங்கே பைரவி. அவர்களுடைய தோடி நம் சுபபந்துவராளிக்கு அருகில் இருக்கிறது. நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ், அவர்களுடைய ஹிந்தோல் வேறே ராகம். ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், முதல் செமஸ்டருக்குள் பழகிவிடும்.

பெயரைத் தாண்டினால் குரலில் இருக்கிறது கஷ்டம். யமன் கல்யாணிக்குச் சமம் என்று புத்தகத்தில் படித்துவிட்டு வகுப்பில் பாடுவோம், காந்தாரம் தானாக ஆடும். குருஜி கையை உயர்த்தி, "பேட்டா, காந்தார் மத் ஹிலாவோ" என்பார். ஆட்டாதே, நிறுத்திப் பிடி. அசையாமல் தம்புராவோடு ஒட்டிக்கொண்டு ஒரே காந்தாரத்தில் மூச்சு முடியும்வரை நிற்பது, பத்து வருஷம் கமகத்தில் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில்) ஊறிய தொண்டைக்கு எவ்வளவு சிரமம் என்று பாடிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு மாதம் அப்படி நின்றால் சுருதி சுத்தம் கூடும், அது மாமி வகுப்பிலும் உடனே தெரியும்.

லயத்திலும் பழக்கம் மாற வேண்டும். நாம் கையால் எண்ணுகிறோம், அவர்கள் தபலாவில் திரும்பத் திரும்ப வரும் டேக்கா என்ற சொற்கட்டைக் காதால் பிடிக்கிறார்கள். விளம்பித (மெதுவான) கியாலில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, ஒரு நிமிடத்துக்குப் பக்கமாகக்கூட ஓடும். அதில் கையை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தால் பாட்டில் மனம் நிற்காது. 16 மாத்திரை தீன்தாலில், ஒன்பதாவதான 'காலி' (தட்டாமல் கையை வீசும் இடம்) எங்கே வருகிறது என்று டேக்காவைக் கேட்டே சொல்லப் பழகுங்கள்.

வீட்டில் ஒரு பேச்சும் தேவைப்படும். 'இரண்டையும் கலந்தால் பாணி கெட்டுவிடும்' என்று மாமி சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, எதிர்த்துப் பேச வேண்டாம். "மாமி, பரீட்சைக்கு மட்டும் அங்கே, பாட்டு உங்களிடம்தான்" என்று சொல்லி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று சாதக நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே உட்காரலில் கல்யாணியும் யமனும் பாடினால் இரண்டுமே உருப்படாது.

படி 6: இசையை மற்ற துறையோடு இணைப்பது

பல மாணவர்கள் இசையை ஒரு பெட்டியிலும் வரலாற்றை இன்னொரு பெட்டியிலும் வைத்து மூன்று வருஷம் ஓட்டிவிடுகிறார்கள். அப்படியானால் இந்தப் படிப்பே எதற்கு? கட்டுரை, புராஜெக்ட், நான்காம் வருஷ ஆய்வு எல்லாவற்றிலும் இரண்டும் சந்திக்கிற தலைப்பாகத் தேடுங்கள்.

இயற்பியல் தோழர்களோடு பேச மிருதங்கம் இருக்கிறது. சாதாரணத் தோல் பரப்பில் எழும் மேல்சுரங்கள் முழு எண் விகிதத்தில் வராது, அதனால் பறைக்குத் தெளிவான சுருதி கிடையாது. வலந்தலையில் (வலது பக்கத் தோலில்) இருக்கும் கரணை என்ற கறுப்புப் பூச்சு அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்துவதால்தான் மிருதங்கத்தில் சுருதி பேசுகிறது. சி.வி. ராமன் 1920-லும் 1934-லும் இதைப் பற்றி எழுதினார். ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்று இருந்தால் கல்லூரி அறையிலேயே இதைச் செய்து காட்டலாம்.

வரலாறு, அரசியல் படிப்பவர்களுக்கு வானொலி ஒரு சுரங்கம். 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தது, அது சுமார் முப்பது வருஷம் நீடித்தது. 1952-ல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டு ஒதுக்கப்பட, நேயர்கள் ரேடியோ சிலோனுக்குத் தாவினார்கள். 1957-ல் விவித் பாரதி வந்தது. 'நல்ல இசை எது என்று அரசு முடிவு செய்யலாமா?' என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் கேட்க வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சட்டம், வணிகம் பக்கம் இருப்பவர்கள் 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தையும் அதில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டிக்குக் கிடைத்த பாதுகாப்பையும் எடுக்கலாம்.

தெற்கையும் வடக்கையும் சேர்த்துப் படிப்பவருக்கு என்றே அமைந்த தலைப்பு, இந்துஸ்தானி இசையறிஞர் பாத்கண்டே. வேங்கடமகியின் 72 மேளம் (தாய் ராகங்கள்) பதினேழாம் நூற்றாண்டுச் சமாசாரம். இந்துஸ்தானி ராகங்களைப் பத்து தாட்டுகளில் (அங்குள்ள தாய் ஸ்வர வரிசைகளில்) அடக்கிய பாத்கண்டே 1904-ல் தெற்கே பயணம் செய்து, எட்டயபுரத்தில் கர்நாடக இசையறிஞர் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். மேள முறை அவர் யோசனையில் எவ்வளவு இறங்கியது, எதை அவர் விட்டுவிட்டார் என்று பார்த்தாலே ஒரு ஆய்வேடு தேறும்.

தலைப்பைச் சுருக்கத் தெரிய வேண்டும். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட 'தமிழிசை இயக்கம்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் எந்தப் பேராசிரியரும் திருப்பி அனுப்புவார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதையும் அதன் பின்னணியையும் ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, தில்லிக்கு வாருங்கள். இங்கே சபாக்களிலும் கோவில்களிலும் கச்சேரி கேட்ட பெரியவர்கள் பலர் அழைப்பிதழ்களை மட்டுமல்ல, என்னென்ன பாடினார்கள் என்று டைரியில் குறித்தும் வைத்திருப்பார்கள். அப்படி ஒரு டைரியை எடுத்து, தனி ஆவர்த்தனத்துக்கு (தாள வாத்தியம் தனியாக வாசிக்கும் கட்டத்துக்கு) முன்னால் எத்தனை தமிழ்ப் பாட்டு, கடைசியில் வரும் சின்னப் பாட்டுகளான துக்கடாவில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எந்த ஆண்டு முதல் கணக்கு மாறுகிறது, அல்லது மாறவே இல்லையா? இதை இணையத்தில் தேடி எழுத முடியாது, வீடு வீடாகப் போய் "மாமா, உங்க பழைய டைரியைப் பார்க்கலாமா?" என்று கேட்டுத்தான் எழுத முடியும். தமிழ் தெரிந்த தில்லி மாணவருக்கு இருக்கிற இந்த வசதி மற்றவருக்குக் கிடையாது.

படி 7: ஊரைப் பயன்படுத்துங்கள்

மண்டி ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் ரவீந்திர பவனில் சங்கீத நாடக அகாடமி, பக்கத்திலேயே கமானி அரங்கம், ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரா, திரிவேணி கலா சங்கம் எல்லாம் நடக்கிற தூரம். அகாடமியின் நூலகமும் ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகமும் மாணவருக்குப் பெரிய சொத்து. குருகிராமில் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் நடத்தும் இனவரைவிசை (எத்னோமியூசிகாலஜி) காப்பகம் 1982-ல் தொடங்கியது, களப்பதிவுகளைக் கேட்க வேண்டுமானால் அங்கே போங்கள். கல்லூரி அடையாள அட்டையோடு ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதமும் கையில் இருந்தால் காப்பகங்களில் பேச்சு சுலபமாகும். எதைத் தேடி வந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், 'சும்மா பார்க்கலாம் என்று வந்தேன்' என்றால் வேலை நடக்காது.

ஐஐடி தில்லியிலிருந்து 1977-ல் கிளம்பிய, மாணவர்களிடம் பாரம்பரியக் கலைகளைக் கொண்டுபோகும் அமைப்பான ஸ்பிக் மேக்கே உங்கள் கல்லூரியில் இருந்தால் தொண்டராகச் சேருங்கள். கலைஞரை நிலையத்திலிருந்து அழைத்து வருவது, மைக் சோதிப்பது என்று ஓடும்போது தெரிந்துகொள்வது எந்தத் தாளிலும் வராது. நம் பக்கத்தில் தமிழ்ச் சங்கம், மலை மந்திர் என்று கச்சேரிகளுக்குக் குறைவில்லை. கேட்டதை அன்றிரவே ஒரு பக்கம் எழுதுங்கள், 'பிரமாதம்', 'அருமை' இரண்டையும் தவிர்த்து.

படி 8: சாதகம் செய்ய இடம்

பேயிங் கெஸ்ட் அறையில் காலை ஐந்து மணிக்கு அகார சாதகம் செய்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டி வரும். கல்லூரி இசை அறை காலையில் எப்போது திறக்கும், சாவி யாரிடம் என்று கண்டுபிடியுங்கள். பேராசிரியரைவிட அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் பையாவின் நட்பு முக்கியம். குளிர்காலத்தில் தில்லிக் காற்று மோசமாக இருக்கும் நாட்களில் தொண்டையை வருத்தாதீர்கள். அன்றைக்கு ஸ்வரக் குறிப்பு எழுதலாம், பதிவு கேட்கலாம், தாளம் போடலாம்.

படி 9: மூன்றா, நான்கா, அதற்குப் பிறகு?

மூன்று வருஷத்தில் 132 கிரெடிட்டோடு பட்டம் வாங்கி வெளியேறலாம், நான்காம் வருஷம் இருந்து 176 வரை போகலாம். மைனர் கணக்கு வைத்திருப்பவர்களும் ஆராய்ச்சிக்குப் போகிறவர்களும் இருங்கள். பி.எட். முடித்துப் பள்ளி வேலைக்குப் போக நினைப்பவர்கள் வீட்டுப் பண நிலையைப் பார்த்து மூன்றிலேயே கிளம்பலாம். ஆனால் எம்.ஏ. இசைக்கு இளநிலையில் எவ்வளவு இசை படித்திருக்க வேண்டும் என்ற விதியை இரண்டாம் வருஷத்திலேயே பாருங்கள். கல்லூரி ஆசிரியராகப் பொதுவாக யுஜிசி நெட் என்ற தகுதித் தேர்வு வேண்டும், அதில் இசை தனிப் பாடம்.

பாடுவதையும் தொடர்ந்தால் இரண்டு விண்ணப்பங்கள் மறக்க வேண்டாம். ஒன்று அகில இந்திய வானொலியின் குரல் தேர்வு. பி, பி-ஹை, ஏ என்று தரம் ஏறும், பி கிடைத்தாலே அது ஒரு அத்தாட்சி. மற்றொன்று கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்குத் தரும் உதவித்தொகை. மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். விண்ணப்பத்தில் குருவின் ஒப்புதல் கேட்பார்கள். ஆகவே மாமியிடம் கையெழுத்து வாங்குகிற மாதிரி வகுப்புக்கு ஒழுங்காகப் போயிருக்க வேண்டும்.